சிவப்பு மூடிப் போத்தல்

இல்ஃபோர்ட்
27 ஒக்டோபர் 1990

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் மூன்று தரம் தொலைபேசியில் அழைத்தீர்கள். மூன்று தரமும் நான் பேசாமல் வைத்துவிட்டேன். பேசினால் என் குரல் ஏறிவிடும். முப்பத்திரண்டு வருடம் வகுப்பில் சத்தம் போடாமல் பாடம் நடத்தியவன், அறுபத்தாறு வயதில் ஒரு பெண்மணியிடம் கத்தக்கூடாது. ஆகவே எழுதுகிறேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். 14ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மோர்டனிலிருந்து எட்மண்டனுக்கு, நம் பிள்ளைகள் வீட்டுக்கு வந்தீர்கள். வழமைபோல அந்த இறைச்சியைக் காலையில் ஓவனில் வைத்துப் பின்னேரம்தான் எடுத்தீர்கள். (அதன் பெயரை நான் எழுதமாட்டேன்.) உங்கள் மகள் ஜெசிந்தா நிறைமாதக் கர்ப்பிணி, தாயின் கையால் விரும்பியதைச் சாப்பிடட்டும் என்று நான் மேலே என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அதுவரை எனக்குக் குறை எதுவும் இல்லை.

19ஆம் திகதி கந்தசஷ்டி தொடங்கியது. ஆறு நாளும் ஒருநேரச் சாப்பாடு, அதையும் நானே சமைத்தேன். இந்த ஊரில் ஒக்டோபர் பிறந்தால் தேங்காயெண்ணெய் இறுகி வெள்ளைக் கட்டியாகிவிடும் என்பது உங்களுக்கும் தெரியும். எல்லோரையும் போல நானும் அதை உருக்கி வாயகன்ற ஜாம் போத்தலில் ஊற்றிச் சன்னலடியில் வைத்திருந்தேன். அங்கிருந்த போத்தலில் கரண்டியால் தோண்டி எடுத்துத் தாளிதம் செய்தேன். முருகன் படத்துக்கு விளக்கும் அதில்தான் ஏற்றினேன். திரி படபடவென்று பொரிந்தது. பஞ்சு ஈரம் என்று நினைத்தேன்.

ஆறாம் நாள் மாலை ஜெசிந்தா குசினி வாசலில் நின்று, "மாமா, அது அம்மா வடிச்சு வைச்ச கொழுப்பெல்லோ?" என்றாள்.

பிறகு நடந்ததை எழுத என் கை கூசுகிறது. கழுவுதொட்டியில் வாந்தி எடுத்தேன் என்பதோடு நிறுத்துகிறேன். அன்றிரவே நண்பர் வைத்தியநாதன் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று நாளாக நாக்கை வழித்துக்கொண்டிருக்கிறேன். வழிக்க வழிக்க அந்தப் பிசுக்கு அண்ணத்தில் ஒட்டியிருப்பதாகவே தோன்றுகிறது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆய்வுகூடத்தில் அமிலப் போத்தலைத் தண்ணீர்ப் போத்தல் இருந்த இடத்தில் ஒருவர் வைத்தால், எடுத்துக் குடித்தவனைக் குற்றம் சொல்வோமா, வைத்தவரையா? உங்கள் போத்தல் என் சன்னலடியில் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
க. குலசேகரம்


மோர்டன்
31.10.90

மாஸ்ரர் அண்ணை அறிவது,

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடம் விட்டனான். கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். சிவப்புப் பேனையைத் தூக்கிக்கொண்டு வாசியாதேங்கோ.

உங்களுக்கு நடந்தது பெரிய கரைச்சல். விரதகாரனுக்கு உது நடக்கக்கூடாது. மாதா அறிய நான் அழுதனான். ஆனா நீங்கள் அமிலம், ஆய்வுகூடம் எண்டு எழுதினதை வாசிக்க அழுகை நிண்டு கோவம் வந்திட்டுது. நான் என்ன, உங்களைக் கொல்ல வந்தனானோ?

நான் அந்தப் போத்தலைச் சிவப்பு மூடி போட்டு பிறிட்ஜில கீழ்த்தட்டில, கரட்டுக்குப் பின்னால வைச்சனான். சன்னலடியில வைக்கேல்லை. போத்தலுக்குக் காலிருக்கோ, இறங்கி நடந்து வர?

"அந்த இறைச்சி" எண்டு பேரும் சொல்லாம எழுதிறியள். பேர் பண்டி, உங்கட தமிழில பன்றி. நான் வேலை செய்யிற வயோதிபர் இல்லத்தில அதைப் பக்குவமாச் செய்ய ஒரு வெள்ளைக்காரக் கிழவி பழக்கினவ. தோள்ப்பக்கத்துத் துண்டாப் பாத்து வாங்கி, தோலைக் கத்தியால வரி வரியாக் கீறி, உப்பை நல்லாத் தேய்ச்சு இரவு முழுக்க மூடாம வைக்கோணும். அடியில வெங்காயமும் அப்பிளும். மிளகும் பெருஞ்சீரகமும் என்ர சேர்மானம். பேந்து சின்ன நெருப்பில ஏழு மணித்தியாலம். அவசரப்பட்டா இறைச்சி றப்பராப் போகும். கடைசி அரை மணிக்கு நெருப்பைக் கூட்டினா தோல் அப்பளம் மாதிரி வெடிச்சு எழும்பும்.

ஏன் ஒவ்வொரு இலையுதிர்காலமும் இதைச் செய்யிறன் தெரியுமோ? எழுபத்தொன்பதில என்ர மனுசன் செத்து நாலாம் மாதம், நானும் ஜெசிந்தாவும் ஒரு அறையில இருந்தனாங்கள். ஹீற்றர் இல்லை. ஓவனில இறைச்சியை வைச்சா அண்டைக்கு ஏழு மணித்தியாலம் அறை சூடாயிருக்கும். ரெண்டு பேரும் அதுக்கு முன்னால பாய் விரிச்சுப் படுத்திருப்பம். சாப்பாடு பேந்துதான்.

வீட்டை போங்கோ அண்ணை. பிள்ளை பிறக்கிற நேரம்.

றோஸ்மலர்


இல்ஃபோர்ட்
5 நவம்பர் 1990

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நான் பாதியில் மடித்துவிட்டேன். தோல் வெடித்து எழும்புவதை எனக்கு விளக்கமாக எழுதவேண்டிய தேவை என்ன? அந்தத் தாளைத் தொட்ட விரலையும் கழுவினேன்.

நான் பிடிவாதக்காரன் என்று நினைக்கிறீர்கள். என் நிலையைச் சொல்கிறேன், கேளுங்கள். வைத்தியநாதன் வீட்டில் வெள்ளையாக எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறேன். முந்தாநாள் இடியப்பமும் சொதியும் வைத்தார்கள். சொதியின் மேல் மெல்லிய எண்ணெய் மினுக்கம் தெரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன். குளிக்கும்போது சவர்க்காரம் கையில் வழுக்கினால் உடம்பு சிலிர்க்கிறது. இன்று மாலை தெருவெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வெடி கொளுத்துகிறார்கள். அந்தக் கந்தக மணம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. வேறு எந்த மணமும் மூக்கில் ஏறவில்லை என்பதே காரணம்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த விளக்கு. ஆறு நாள் அதன் முன் கண்ணை மூடி நின்றேன். அந்தப் புகையைக் கைகளால் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆறு நாளும் மூக்கு எங்கே போனது என்று வைத்தியநாதனின் மனைவி கேட்டார். கரும்பலகை முழுவதும் வெண்கட்டித் தூசி படிந்திருக்கும்போது அதன்மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டால் கடைசி வாங்குப் பலகையில் இருப்பவனுக்குத் தெரியுமா? வீடே அந்த வாடையில் தோய்ந்திருந்தது. திரைச்சீலை, படிக்கம்பளம், என் சால்வை எல்லாவற்றிலும்.

ஆகவே என் முடிவு இது. அந்த வீட்டில் இனி அது சமைக்கப்படாது என்று நீங்களும் ஜெசிந்தாவும் எழுதித் தரவேண்டும். தந்தால் வருகிறேன். தராவிட்டால், பேரப்பிள்ளையை யாராவது இல்ஃபோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள்.

க. குலசேகரம்


எட்மண்டன்
9.11.90

மாஸ்ரர் அண்ணை,

இல்லத்தில லீவு எடுத்துக்கொண்டு நான் இஞ்ச வந்து நாலு நாள். ஏன் வந்தனான் எண்டு எழுதிறன்.

உங்கட மகன் பாலேந்திரா ஜெசிந்தாவோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை. போன கிழமை ஓவன் தட்டைத் தூக்கிக் கொண்டுபோய் வெளியில குப்பை வாளிக்குள்ள போட்டவர். நான் வந்துதான் அதை எடுத்துக் கழுவி வைச்சனான். "அப்பாவை வீட்டை விட்டுக் கலைச்சது நீதான். பிறிட்ஜைத் துப்பரவாக்கேக்க நீதான் போத்தலை மாத்தி வைச்சிருப்பாய்" எண்டு ஒரே கதை. இவளும் விடேல்லை. "நான் பிறிட்ஜைத் துடைச்சதே ஒரு மாதத்துக்கு முந்தி" எண்டாள். "அப்ப அப்பா பொய் சொல்லுறாரோ?" எண்டார் அவர். அதுக்கு இவள் என்னத்தைச் சொல்லிறது? மாமனைப் பொய்யன் எண்டு சொல்ல ஏலுமோ? வாயை மூடிக்கொண்டு போய்ப் படுத்தவள்தான்.

சாப்பாடு இறங்குதில்லை. சோறு குடுத்தா சத்தி. பாண் குடுத்தா சத்தி. பிறஷர் கூடியிருக்கெண்டு மிட்வைஃப் ஏசிப்போட்டுப் போறா. இந்த வயித்தோட பிள்ளை கேக்கிறது ஒண்டே ஒண்டு. என்ன எண்டு நான் சொல்லத் தேவையில்லை. புருசன்ர முகத்தைப் பாத்து அதையும் வேண்டாம் எண்டிட்டாள்.

நீங்கள் கேட்ட மாதிரி எழுதித் தாறன். கையெழுத்தும் வைக்கிறன். ஆனா அதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்விக்கு மறுமொழி வேணும். நான் வைக்கேல்லை. ஜெசிந்தா வைக்கேல்லை. பாலேந்திரா அந்தக் கிழமை முழுக்க இரவு ஷிப்ட், குசினிப் பக்கமே வரேல்லை. வீட்டில நாலாவது ஆள் ஆர் அண்ணை?

நீங்கள் விஞ்ஞானத்தோட கணக்கும் படிப்பிச்சனீங்கள். செய்து பாருங்கோ.

றோஸ்மலர்


இல்ஃபோர்ட்
14 நவம்பர் 1990

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கிக் கிழித்துவிட்டேன். என் கனத்த மேலங்கி எட்மண்டனில் இருக்கிறது. இங்கே குளிர் கூடிவிட்டது. வருகிற ஞாயிறு பதினொரு மணிக்கு அதை எடுக்க வருவேன். வீட்டுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. அப்போது பேசிக்கொள்ளலாம்.

ஜெசிந்தாவுக்கு எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் கொடுங்கள். பாலேந்திராவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எழுதித் தருவது பற்றி இப்போதைக்கு அவசரமில்லை.

க. குலசேகரம்


எட்மண்டன், குசினி மேசை
18 நவம்பர் 1990, பகல் 12.10

சம்பந்தி அம்மாவுக்கு,

சரியாகப் பதினொரு மணிக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. மேலங்கியை எடுத்துக்கொண்டு ஓடிவிடத்தான் நினைத்தேன். பிறகுதான் ஓவன் கதவில் நீங்கள் ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தேன். அதை இங்கே பிரதி செய்கிறேன். நீங்கள் எழுதியது உங்களுக்கே நினைவிருக்குமோ தெரியாது.

"மாஸ்ரர் அண்ணை, ஜெசிந்தாவுக்குப் பிள்ளைநோ எடுத்திட்டுது. மூண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறம். ஏழு மணிக்கு இறைச்சி வைச்சனான். ரெண்டு மணி மட்டும் விடோணும். மணிக்கு ஒருக்கா தட்டில ஊறுற கொழுப்பு நெய்யை வழிச்சு வேற ஏனத்தில ஊத்தோணும், இல்லாட்டிப் புகையும். ரெண்டு மணிக்கு நெருப்பைக் கூட்டி அரை மணி. அருவருப்பெண்டா இப்பவே நெருப்பை நூத்துப்போட்டுப் போங்கோ. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்."

நூர்ப்பதற்காகத்தான் குமிழில் கையை வைத்தேன். நூர்த்தால் இறைச்சி றப்பராகப் போகும் என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது. பாதியில் மடித்த பக்கத்தில்தான் அது இருந்தது. பத்து நாளாக எதுவும் தங்காத வயிற்றோடு ஒரு பெண் பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து அவள் கேட்கப்போவது இதைத்தான்.

கையை எடுத்துவிட்டேன். சால்வையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் ஆவி படிய, முதல் தரம் நெய்யை வழித்தேன். ஊற்றுவதற்கு ஏனம் தேடினேன். கழுவிக் கவிழ்த்திருந்தது ஒன்றுதான், சிவப்பு மூடிப் போத்தல்.

1.15

இரண்டாம் தரமும் வழித்தாயிற்று. இடையில் ஒருமுறை தோட்டத்துக்கு ஓடி வேலியைப் பிடித்துக்கொண்டு ஓங்காளித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் "ஆர் யூ ஓல்றைட்?" என்று கேட்டார். "குக்கிங்" என்றேன்.

அந்த நெய் ஊற்றும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது. சிறிது நேரத்தில் கலங்கி, ஓரத்திலிருந்து வெள்ளையாகிறது. அது இறுகுவதைப் பார்த்துக்கொண்டே உங்கள் கேள்விக்கு மறுமொழி எழுதுகிறேன்.

நாலாவது ஆள் நான்தான்.

சஷ்டி தொடங்கிய அன்று காலையே என் போத்தல் காலியாக இருந்தது. விரத நாளில் கடைக்கு அலையச் சோம்பலாக இருந்தது. பிறிட்ஜில் கரட்டுக்குப் பின்னால் இன்னொரு வெள்ளைப் போத்தலைக் கண்டேன். மருமகள் எனக்கென்று வாங்கி வைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை என்று நினைத்தேன். யாரையும் கேட்கவில்லை, மணந்தும் பார்க்கவில்லை. நானே எடுத்துச் சன்னலடியில் வைத்தேன். அவள் உண்மையைச் சொன்ன அந்த மாலையிலேயே எனக்கு இது முழுக்க நினைவிருந்தது. இருந்தும், போத்தல் அங்கே இருந்தது என்று உங்களுக்கு எழுதினேன். "இருந்தது" என்பது பொய்யல்ல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு மாணவன் அப்படிப் பதில் சொல்லியிருந்தால் அவனை நான் வாங்கின்மேல் ஏற்றியிருப்பேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. அதை எழுதாவிட்டால் எழுதியதில் பயனில்லை.

முதல் நாள் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தேன். அப்படி ஒரு கறி மனைவி போன பிறகு நான் சாப்பிட்டதில்லை. என் கைப்பக்குவம் திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தேன். இரண்டாம் முறை சோறு போட்டேன். சட்டியை விரலால் வழித்து நக்கினேன். ஆறு நாளும் அந்த ஒரு வேளையை நினைத்துக்கொண்டுதான் கும்பிட்டேன், சம்பந்தி அம்மா. முருகனை நினைக்கவில்லை. நான் வாந்தி எடுத்தது உங்கள் கொழுப்பை மட்டும் நினைத்து அல்ல. அது எனக்கு ருசித்தது. அந்த நாக்கைத்தான் இத்தனை நாளாக வழித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அருவருப்பைச் சுமக்க முடியாமல் உங்கள் தலையில் இறக்கினேன். அது அங்கிருந்து உருண்டு, வாய் பேசாத என் மருமகளின் தலையில் விழுந்திருக்கிறது.

2.40

நெருப்பைக் கூட்டி அரை மணி ஆயிற்று. தோல் நீங்கள் சொன்னபடியே வெடித்து எழும்பியது. அந்தச் சத்தத்துக்கு நான் கதவுக்கு வெளியே நின்றேன். இப்போது எடுத்து மூடி வைத்துவிட்டேன். நான் சுவைத்துப் பார்க்கவில்லை, சுவைக்கவும் மாட்டேன். ஒன்றும் ஒளிக்காமல் எழுதுவது என்று தொடங்கியதால் இதையும் சொல்கிறேன்: எனக்கு இன்னும் அருவருப்பாகவே இருக்கிறது. கை முழங்கை வரை மணக்கிறது. இது போய்விட்டது என்று எழுதினால் அது அடுத்த பொய்.

போத்தலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். "பன்றிக் கொழுப்பு" என்று பெரிய எழுத்தில், இரண்டு சொல்லும். அறுபத்தாறு வயதில் முதன்முதலாக எழுதுகிறேன்.

5.20

பாலேந்திரா தொலைபேசியில் சொன்னான். பெண் குழந்தை, இருவரும் சுகம். அவன் அழுதான். நான் பேச வாயெடுக்க முன் வைத்துவிட்டான்.

நான் இல்ஃபோர்ட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் போத்தலுக்குக் கீழே வைக்கிறேன். நீங்கள் வாசித்துவிட்டு அதைப் பாலேந்திராவிடமும் ஜெசிந்தாவிடமும் கொடுங்கள். நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை.

க. குலசேகரம்


எட்மண்டன்
20.11.90

மாஸ்ரர் அண்ணை,

பிள்ளை ஏழு றாத்தல். மூக்கு உங்கட மூக்கு, பாவம். நேற்றுப் பின்னேரம் தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியால வீட்டை அனுப்பிட்டினம். ஜெசிந்தா கதிரையில குந்தி முதல் கேட்டது என்னெண்டு உங்களுக்குத் தெரியும். ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். சத்தியெடுக்கேல்லை. "இந்த முறை என்னம்மா இவ்வளவு மெத்தெண்டு இருக்கு?" எண்டு கேட்டாள். அடுப்பை ஆர் பாத்தது எண்டு நான் இன்னும் சொல்லேல்லை.

ஏனெண்டா ஒரு பிழை நடந்து போச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில, ஜெசிந்தா உள்ளுக்கை நோவில கத்துறாள், உங்கட மகன் சுவரைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்குத் தாங்கேலாமப் போச்சு. "தம்பி, அந்தப் போத்தலைச் சன்னலடியில வைச்சது நான்தான். வயது போட்டுது, மறந்துபோனன். அவளில ஒரு பிழையும் இல்லை" எண்டு சொல்லிப்போட்டன். அவர் என்ர காலில விழாத குறை. ஓடிப்போய் அவளின்ர கையைப் பிடிச்சவர்தான், பிள்ளை பிறக்கும் மட்டும் விடேல்லை.

பேந்துதான் வீட்டை வந்து போத்தலுக்குக் கீழ உங்கட கடிதத்தைக் கண்டனான். ரெண்டு தரம் வாசிச்சனான்.

இப்ப யோசிச்சுப் பாருங்கோ. அவை ரெண்டு பேரும் சமாதானம். என்னில அவைக்குக் கோவமும் இல்லை. கிழவிக்கு மறதி எண்டு சிரிக்கினம். நீங்கள் மகனுக்கு முன்னால தலைகுனியத் தேவையில்லை. கடிதம் என்ர சட்டைப் பொக்கற்றுக்குள்ளதான் கிடக்கு. அடுப்பில போட்டா ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும்.

கிழிக்கட்டோ, குடுக்கட்டோ? நீங்கள் சொல்லிறதைச் செய்யிறன்.

போத்தலில நீங்கள் ஒட்டின தாள் நல்ல வடிவு. எழுத்தெண்டா அப்பிடி இருக்கோணும்.

றோஸ்மலர்


இல்ஃபோர்ட்
21 நவம்பர் 1990

சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வருகிறேன். சன்னலைத் திறந்து வையுங்கள்.

குலசேகரம்